பரியேறும் அரபு மகளிரும் நம் பெண்மக்களும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், மகளிர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அரபு நாட்டுப் பெண்டிர் குதிரையேற்றப் போட்டிகளில் பங்கு கொண்ட வரலாற்றைப் பேசுவதற்கு எடுத்துக்கொண்டோம். பிழைப்பை நாடி மலையாள மண்ணுக்கு வந்து, கணவாயின் ஓரத்திலும் மலைச்சாரலிலும் காலனி கண்டு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அரபு நாட்டுக் குதிரைக்கும் என்ன உறவு என்று முன்வரிசையில் சிலர் புன்முறுவல் பூப்பதைக் காண்கின்றோம். உறவு உண்டு, அதுவும் மிகப் பழைய உறவு.

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல் வழியாக வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பாண்டியனுக்குப் பரி வாங்கப் பொன்னோடு சென்ற மாணிக்கவாசகர், அப்பொன்னைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்ட கதையையும், நரிகள் பரிகளாகி வந்த திருவிளையாடலையும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். நல்ல குதிரை வேண்டுமாயின் அது கப்பலில்தான் வந்தாக வேண்டும் என்பது அக்கதையுள் மறைந்து கிடக்கும் வரலாற்றுச் செய்தி. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் குறிக்கப்படுகின்றனர். மலைமண்டலம் என்பது வேறெந்த நாடுமன்று. இன்று நாம் உண்டு உறங்கி வாழும் இந்நாடேயாகும். மேற்குக் கடலையும் கொங்கு நாட்டையும் பண்டு தொட்டு இணைத்து வந்த பெருவழி, நமது பாலக்காட்டுக் கணவாய்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ ஒரு துயரச் செய்தியைச் சொல்லுகின்றார். ஓர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகின்றான். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்பது அவர் கூற்று. குதிரை மருத்துவம் அறிந்தவரும் இங்கில்லை. அறிந்தவர் இங்கு வராதபடி விற்கும் வணிகரே பார்த்துக் கொள்கின்றனராம். பயணி சற்று மிகைபடக் கூறியிருக்கலாம். ஆயினும், குதிரையை விற்றவர்கள் அதனைப் பேணும் கலையை மட்டும் விற்கவில்லை என்னும் செய்தி நம் உள்ளத்தில் நிற்க வேண்டும். பின்னர் அதனிடம் திரும்பி வருவோம்.

இடுக்கி மலைகளின் செய்தி வேறு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். அதன்பின் தோட்டங்கள் எழுந்தன. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் நம் முன்னோர் தலைச்சுமையோடு கால்நடையாக மலை ஏறினர். இடுப்பில் குழந்தையோடு பெண்டிரும் ஏறினர். துரைமார் குதிரை மீதமர்ந்து தோட்டம் சுற்றினர். அதற்கென வெட்டிய வழிக்குக் குதிரைப்பாதை என்றே பெயர். பாதையை வெட்டிய கைகள் ஒருவருடையன. அதன்மீது ஒலித்த குளம்புகள் வேறொருவருடையன. நம் மலைகளில் குதிரை என்றால் அது அதிகாரத்தின் உயரம். குதிரை மேலிருப்பவனை நிமிர்ந்து பார்த்தே பேச வேண்டும். ஆகவே குதிரையேறும் பெண்ணைப் பற்றிப் பேசும்போது நாம் வெறும் விளையாட்டைப் பற்றிப் பேசவில்லை என்பதைத் தாய்மார்கள் உடனே உணர்வீர்கள்.

தமிழ்ப் பெண் குதிரை ஏறியதே இல்லையா? ஏறினாள். இராமநாதபுரத்துச் செல்லமுத்து சேதுபதி தம் ஒரே மகள் வேலு நாச்சியாருக்கு, ஆண்மகவு இல்லாக் குறை தோன்றாவண்ணம், சிலம்பமும் வளரியும் குதிரையேற்றமும் கற்பித்தார். 1772இல் கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் ஆங்கிலேயரால் கொல்லப்பட்ட பின்பு, அவ்வம்மையார் மறைந்து வாழ்ந்த இடம் திண்டுக்கல்லுக்கு அண்மையிலுள்ள விருப்பாட்சி. பழனி மலையடிவாரத்து ஊர் அது. நம் இடுக்கி மலைகளிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. ஹைதர் அலியின் துணையோடு படை திரட்டி 1780இல் சிவகங்கையை மீட்டார். சிவகங்கைச் சீமையின் அரசியை நாம் மேடைதோறும் புகழ்கின்றோம். அவருக்குக் குதிரை கற்பித்த தந்தையைப் புகழ்வோர் மிகச் சிலரே!

இனி அரபு நாட்டுக்கு வருவோம். பாலைவனத்துப் பதவீ மக்கள் படையெடுப்புக்குச் சேவற்குதிரையினும் பெட்டைக் குதிரையையே விரும்பினர். பகைவர் கூடாரத்தை நள்ளிரவில் அணுகும்போது அது கனைத்துக் காட்டிக்கொடுக்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். குதிரையின் குலமரபையும் தாய்வழியாகவே எண்ணினர். நீரும் புல்லும் அரிதான காலத்தில் குட்டிக்கு ஒட்டகப் பால் ஊட்டினர். குளிரிலும் புயலிலும் மனிதர் உறங்கும் கூடாரத்துள்ளேயே அதற்கும் இடம் தந்தனர். கூடாரம் பெண்ணின் ஆட்சிக்குட்பட்டது. ஆகவே குதிரையை வளர்த்ததில் அரபுப் பெண்ணுக்கு இருந்த பங்கு சிறிதன்று. 1878-79இல் பாலைவனம் கடந்து நஜ்து நாட்டுக்குச் சென்று அரபுக் குதிரைகளைக் கண்டு எழுதிய ஆன் பிளன்ட் சீமாட்டி, கவிஞர் பைரனின் பேத்தியாவார். அவரும் அவர் கணவரும் இங்கிலாந்தில் தொடங்கிய பண்ணையின் குதிரைகளே இன்று உலகெங்கும் உள்ள தூய அரபு இனக் குதிரைகள் பலவற்றுக்கு முன்னோர். வளர்ப்பதில் பங்கு இருந்தது. போட்டிக் களத்தில் ஏறுவதற்கான உரிமையோ நெடுங்காலம் இல்லை.

இதைக் கேட்டவுடன், அந்நாட்டார் அப்படித்தான் என்று தலையசைக்க வேண்டா. ஐரோப்பாவின் கதை என்ன? ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டிகளில் 1952 வரை பெண்களுக்கு இடமே இல்லை. படை அதிகாரிகளுக்கே பெரும்பாலும் அக்களம் உரியதாயிருந்தது. அவ்விதியின் கொடுமை பெண்களோடு நிற்கவில்லை. 1948இல் தங்கம் வென்ற சுவீடன் குழுவினுள் ஒருவர் உண்மையில் அதிகாரி அல்லர், சார்ஜண்ட் தரத்தினரே என்று தெரிந்ததும் குழுவின் பதக்கமே பறிக்கப்பட்டது. சார்ஜண்டும் பெண்ணும் ஒரே கதவுக்கு வெளியே நின்றனர் என்பதைக் கவனியுங்கள்! கதவு திறந்த 1952ஆம் ஆண்டிலேயே, ஹெல்சிங்கியில், டென்மார்க்கு நாட்டு லிஸ் ஹார்ட்டல் அம்மையார் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். பிறர் தூக்கிக் குதிரைமீது அமர்த்த வேண்டும். அமர்ந்துவிட்டாலோ, ஆடவர் அனைவரோடும் சமமாகப் போட்டியிட்டார். இன்றளவும் ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே பதக்கத்துக்காகப் போட்டியிடும் ஒலிம்பிக் விளையாட்டாகக் குதிரையேற்றம் விளங்குகின்றது. வலிமை குதிரையினுடையது, ஏறுபவர்க்கு வேண்டுவது சமநிலையும் பொறுமையும் கையின் மென்மையும்.

அரபு நாடுகளில் முதலில் நினைவுக்கு வருபவர் யோர்தான் இளவரசி ஹயா. மூன்று வயது நிரம்புமுன் தாயை இழந்தவர். தாயை இழந்த ஒரு குதிரைக்குட்டியை ஆறு வயதில் தந்தை அவருக்கு அளித்தார் என்பர். தாயற்ற மகளும் தாயற்ற குட்டியும்! பின்னாளில் தம் குதிரைகளைப் போட்டிகளுக்கு ஏற்றிச் செல்வதற்காகக் கனரக லாரி ஓட்டும் உரிமத்தையும் அவ்விளவரசி பெற்றார். அந்நாட்டில் அவ்வுரிமம் பெற்ற முதற் பெண் அவரே. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் தடைதாண்டும் போட்டியில் ஏறினார். 2006 முதல் 2014 வரை உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தார். அரசகுலத்தார்க்கு எதுவும் எளிது என்பீர்கள். ஒப்புகின்றோம். ஆனால் லாரி ஓட்டக் கற்றதைக் குலம் கற்பித்திராது.

சவூதி அரேபியாவின் தல்மா மல்ஹாஸ் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. அவருடைய தாயார் அர்வா முத்தபகானி குதிரையேற்றத்தில் தேர்ந்தவர். மகளுக்கும் இளமையிலேயே கற்பித்தார். அந்நாட்டுப் பெண்கள் அரசுப் பள்ளிகளில் உடற்பயிற்சி செய்வதற்கும் வழியில்லாத காலம் அது. 2010இல் சிங்கப்பூரில் நடந்த முதலாவது இளையோர் ஒலிம்பிக்கில் பதினெட்டு வயதுத் தல்மா தடைதாண்டும் போட்டியில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பெயர் தாங்கிய போட்டியொன்றில் சவூதிப் பெண் பெற்ற முதற் பதக்கம் அது. அப்போட்டியில் எவரும் தம் சொந்தக் குதிரையைக் கொண்டுவர இயலாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குதிரைகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தனர். முன்பின் அறியாத குதிரையோடு சில நாளில் நட்புக் கொண்டு அவர் தடைகளைத் தாண்டினார். நம் பெண்களுக்கு இது புதிதன்று என்று எண்ணுகின்றோம். முன்பின் அறியாத வீட்டுக்குச் சென்று சில நாளில் அதனைத் தம் வீடாக்கிக் கொள்ளும் கலையில் அவர்கள் எந்நாளும் பதக்கமின்றியே வென்று வருகின்றனர்!

இரண்டாண்டு கழித்து 2012இல் லண்டன் ஒலிம்பிக்குக்குத் தல்மா செல்ல இயலவில்லை, குதிரைக்குக் காயம். ஆயினும் அவ்வாண்டே சவூதி அரேபியா முதன்முறையாக இரு பெண்களை, ஜூடோவுக்கு ஒருவரும் ஓட்டத்துக்கு ஒருவருமாக, அனுப்பியது. 2017இல் பெண்கள் அரசுப் பள்ளிகளில் உடற்பயிற்சிப் பாடம் அறிவிக்கப்பட்டது. 2018 ஜூனில் மகளிர் கார் ஓட்டும் உரிமை பெற்றனர். 2020 பிப்ரவரியில் ரியாத் பந்தயத் திடலில் பெண் ஜாக்கிகள் ஆடவரோடு போட்டியிட்டனர். நியூசிலாந்தின் லிசா ஆல்பிரஸ் ஒரு பந்தயத்தில் முதலிடம் பெற்று, அந்நாட்டில் வென்ற முதற் பெண் ஜாக்கி ஆனார். மேற்கே மொராக்கோவில் தபூரிதா என்னும் பழைய குதிரைவிழா உண்டு. குதிரைவீரர் ஒரே வரிசையாய்ப் பாய்ந்து வந்து ஒரே நொடியில் துப்பாக்கி வெடிக்க வேண்டும். வெடியோசை ஒன்றாகக் கேட்டால்தான் வெற்றி. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அவ்விழாவில் இன்று பெண்களே தலைமை தாங்கும் குழுக்களும் பங்கு கொள்கின்றன.

கார் ஓட்டுமுன்னரே குதிரை ஏறினாள் சவூதிப் பெண் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். அரசாணை வருமுன்னரே ஒரு தாய் தன் மகளுக்குக் கற்பித்துவிட்டாள். ஆணை பின்னால் வந்தது. அரசினரின் பெருந்தன்மை மட்டுமே மாற்றத்துக்குக் காரணம் என்று எழுதுவோரோடு நாம் உடன்படுவதற்கில்லை.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். பாலக்காட்டுக்கு அண்டையிலுள்ள மலப்புறம் மாவட்டத்துத் திரூரைப் பூர்விகமாகக் கொண்டு, துபாயில் வளர்ந்தவர் நிதா அஞ்சும் சேலாட். அவர் தேர்ந்துகொண்டது எண்டுரன்ஸ் எனப்படும் நெடுந்தூரக் குதிரையோட்டம். அதன் இயல்பைச் சற்று விரித்துரைக்க வேண்டும்; ஏனெனில் நம் ஊர்ப் பந்தயங்களைப் போன்றதன்று அது.

தொலைவு நாற்பது, எண்பது, நூற்றிருபது, நூற்றறுபது கிலோமீட்டர் எனப் படிப்படியாக உயரும். முழுத் தொலைவையும் ஒரே மூச்சில் ஓடிவிட முடியாது. பல சுற்றுகளாகப் பிரித்திருப்பர். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குதிரை மருத்துவரிடம் நிறுத்தப்பட வேண்டும். குறித்த நிமிடங்களுக்குள் அதன் நாடித்துடிப்பு, பொதுவாக நிமிடத்துக்கு 64 என்னும் அளவுக்கு, அடங்கியாக வேண்டும். வாயின் ஈறு உலர்ந்துள்ளதா, தோல் சுருங்கியுள்ளதா, வயிற்றில் ஒலி கேட்கிறதா என்று ஆராய்வர். பின்னர் ஓடவிட்டு, கால் நொண்டுகிறதா என்று பார்ப்பர். சிறு குறை கண்டாலும் அங்கேயே விலக்கிவிடுவர். தேறினால் கட்டாய ஓய்வு. அதன்பின் அடுத்த சுற்று. இறுதிக் கோட்டை முதலிற் கடந்தவர், குதிரை மருத்துவச் சோதனையில் தேறாவிடின், வென்றவர் ஆகார். எத்தனையோ பேர் முதலாவதாக வந்தும் வெறுங்கையோடு திரும்பியதுண்டு. மார்க்கோ போலோ கண்ட பாண்டிநாட்டில் இல்லாதிருந்த அக்கலையே, குதிரையைப் பேணும் கலையே, இங்குப் போட்டியாகிவிட்டது.

நிதா 2023 செப்டம்பரில், இருபத்தொரு வயதில், பிரான்சு நாட்டுக் காஸ்டெல்சாக்ராவில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் எப்சிலன் சாலு என்னும் குதிரைமீது 120 கிலோமீட்டரை 7 மணி 29 நிமிடத்தில் முடித்தார். அதை முடித்த முதல் இந்தியர் அவரே. மறு ஆண்டு, 2024 செப்டம்பரில், அதே நாட்டு மொன்பாசியேயில் மூத்தோருக்கான உலகப் போட்டி நடந்தது. பெட்ரா டெல் ரே என்னும் குதிரைமீது 160 கிலோமீட்டரை 10 மணி 23 நிமிடத்தில் முடித்துப் பதினேழாம் இடம் பெற்றார். பாலக்காட்டிலிருந்து ஈரோடு வரை செல்லும் தொலைவு என்று கொள்ளுங்கள். பதினேழாம் இடம் ஒரு பெருமையா என்று கேட்கும் தம்பிமாருக்கு ஒன்று சொல்வோம்: குதிரை நலமாக இறுதிவரை வந்து சேர்வதே அப்போட்டியில் பாதி வெற்றி.

இவ்வகை ஓட்டத்தில் பெண்கள் பின்தங்கியவர் அல்லர். 1998 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்து மணற்பரப்பில் நடந்த உலகப் போட்டியில் முதலிடம் பெற்றவர் அமெரிக்கப் பெண்மணியான வாலரி கனாவி. 1994இலும் அவரே வென்றார். இடையில், 1996இல், அவருடைய மகள் டேனியல் வென்றார். தாய், மகள், மீண்டும் தாய்!

மறுபுறத்தையும் மறைக்கக் கூடாது. அமீரகத்தின் விரைவு மோகம் குதிரைகளின் காலை முறித்தது என்னும் குற்றச்சாட்டு வலுத்து, 2015இல் உலகக் கூட்டமைப்பு அந்நாட்டுக் குதிரையேற்றச் சங்கத்தைச் சில மாதம் விலக்கி வைத்தது. இன்னொன்று, பணம். ஒரு குதிரைக்கு ஆகும் தீனிச் செலவில் நம் காலனியில் ஒரு குடும்பம் வாழும். ஹயா அரசகுலத்தவர், நிதா பெருவணிகக் குடும்பத்தவர். அரபு நாட்டு லாயங்களில் சாணம் அள்ளிக் குதிரை தேய்க்கும் பணியில் நம் நாட்டு ஏழைத் தொழிலாளர் எத்தனையோ பேர் உளர். இவ்வரங்கில் அமர்ந்துள்ள குடும்பங்களிலும் வளைகுடாவிற் பணியாற்றுவோர் உண்டு. அவர்கள் இதனை அறிவார்கள். குதிரையின் முதுகில் ஏறிய பெண்ணைப் பாராட்டும் வாய், அதன் குளம்பைக் கழுவிய கையையும் பாராட்டட்டும்.

செல்வர்க்கே உரியது என்று முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. இந்தியாவின் முதற் பெண் ஜாக்கி எனப் பெயர் பெற்ற ரூபா சிங் சென்னையைச் சேர்ந்தவர்; பாட்டனார் காலந்தொட்டுக் குதிரை பழக்கும் தொழிலில் இருந்த குடும்பம் அவருடையது. 2023இல் சீனத்து ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில், 41 ஆண்டுகளுக்குப் பின் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குத் தங்கம் கொணர்ந்த நால்வர் குழுவில் சுதீப்தி ஹஜேலா, திவ்யக்ருதி சிங் என இரு மங்கையர் இருந்தனர். 2019இல் திருச்சூர் மாவட்டத்து மாளையில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, முதுகில் புத்தகப் பையோடு குதிரையேறித் தேர்வுக்குச் சென்ற காட்சியை நாடே கண்டு களித்தது. நமக்கு மிக அண்மையில், தத்தமங்கலத்து அங்காடி வேலையில் நடக்கும் குதிரையோட்டத்தைக் காண நம் காலனியார் குடும்பத்தோடு செல்வதுண்டு. தெருவின் இருமருங்கும் மக்கள் நெருங்கி நிற்க, குதிரைகள் பாய்ந்து வரும். அங்கே பெண்கள் எங்கு நிற்கின்றனர்? மாடியிலும் திண்ணையிலும். அதில் குற்றம் காணவில்லை; அது ஊரின் வழக்கம். ஆனால் நம் மைதானத்துக்கு ஊரின் வழக்கம் ஏது? நாம் வந்து முள் வெட்டிச் சமன்செய்த நிலம் அது. அதன் வழக்கத்தை நாமே உண்டாக்கினோம்.

பன்னிரண்டு வயது வரை நம் சிறுமியர் அங்கே நொண்டியும் கபடியும் ஆடுகின்றனர். ஒரு நாள் திடீரென்று நின்றுவிடுகின்றனர். யாரும் தடை விதித்ததில்லை. யாரும் வா என்று அழைத்ததும் இல்லை. அவர்கள் தம்பியரின் செருப்பையும் தண்ணீர்ப் புட்டியையும் காத்துக்கொண்டு மதிலோரம் அமர்ந்திருக்கின்றனர். மாலை ஐந்து மணிக்கு எவரும் சென்று பார்க்கலாம். அண்ணன்மார் கிரிக்கெட் முடித்து வெளியேறும்போது இருட்டிவிடுகின்றது. இருட்டியபின் பெண் பிள்ளைக்கு வெளியே என்ன வேலை என்று நாமே கேட்கின்றோம்.

குதிரை வாங்கித் தருமாறு சங்கத்தை நாம் கேட்கவில்லை. பொருளாளர் அஞ்ச வேண்டா! வார நாள்களில் மாலை நாலரை முதல் ஆறு மணி வரை மூன்று நாளும், ஞாயிற்றுக்கிழமை காலையும் மைதானம் பெண் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட வேண்டும். வடமூலையில் ஒரு விளக்குக் கம்பம் வேண்டும். பந்துக்கும் வலைக்கும் ஆகும் செலவில் பாதியை மகளிர் குழுவின் சேமிப்பிலிருந்து தருவதற்குத் தாய்மார்கள் இசைந்துள்ளனர். மறு பாதியைச் சங்கம் ஏற்கலாம். முதலிரண்டு மாதம் மைதானத்தில் உடனிருந்து பார்த்துக்கொள்ள இரு தந்தையரும் நான்கு தாயரும் பெயர் கொடுத்துள்ளனர். இன்னும் இருவர் தேவை. வரும் செயற்குழுக் கூட்டத்தில் இதனை முதற்பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களை வேண்டுகின்றோம். பெயர் தர விரும்புவோர் விருந்து முடிந்ததும் மகளிர் குழுவினரைக் காணலாம்.